மடிக்கணினியின் வன்தட்டும் மேசைக்கணினியின் வன்தட்டும்



நாம் எழுதிய கடிதங்களையும், வரவு செலவுக் கணக்குகளையும், பிள்ளைகளின் நிழற்படங்களையும் கணினியினுள்ளே தாங்கி நிற்கும் கருவி வன்தட்டு எனப்படும். மேசைமீது அசையாதிருக்கும் கணினிக்கும், கையிலெடுத்து ஊரூராகக் கொண்டு செல்லும் மடிக்கணினிக்கும் இக்கருவி ஒன்றே எனப் பலர் எண்ணுகின்றனர். தத்துவம் ஒன்றுதான், உடலமைப்பும் பழக்கமும் வேறு. இவ்வேற்றுமையை அறியாத காரணத்தால், பழுதுற்ற கணினியோடு பத்தாண்டுப் படங்களையும் குப்பையிற் போட்டவர்கள் உண்டு. ஆதலின் இது தொழிலறிஞர்க்கு மட்டும் உரிய செய்தியன்று.

1956 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில், 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து தாங்கியவை ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளே. அதன்பின் தகடு சிறுத்துக்கொண்டே வந்தது. 1983 இல் ஸ்கொத்லாந்திலிருந்த ரோடைம் நிறுவனம் மூன்றரை அங்குல வன்தட்டையும், 1988 இல் அமெரிக்காவின் பிரெய்ரிடெக் நிறுவனம் இரண்டரை அங்குல வன்தட்டையும் கொண்டுவந்தன. முன்னது மேசைக்கணினியிலும் பின்னது மடிக்கணினியிலும் குடிபுகுந்தன.

மூன்றரை அங்குலம் என்று பெயர் பெற்ற பெட்டியை அளந்து பார்த்தால் அதன் அகலம் நான்கு அங்குலம் இருக்கும்! பெயரை நம்பி அளவெடுப்பவர் ஏமாறுவர். இரண்டரை அங்குலப் பெட்டி ஏறத்தாழ 70 மில்லிமீற்றர் அகலமும் 100 மில்லிமீற்றர் நீளமும் உடையது. அதன் தடிப்பு பெரும்பாலும் 9.5 அல்லது 7 மில்லிமீற்றர். மேசைக்குரியதோ 26 மில்லிமீற்றர். மடிக்கணினிக்கு வன்தட்டு வாங்கச் செல்பவர் இத்தடிப்பையே முதலிற் கேட்டறிதல் வேண்டும். 7 மில்லிமீற்றர் இடத்தில் 9.5 மில்லிமீற்றர்ப் பெட்டி நுழையாது.

பெரிய வன்தட்டின் தகடு 95 மில்லிமீற்றர் விட்டமுடையது. பொதுவாக நிமிடத்துக்கு 7200 முறை சுழல்வது. அதன் விளிம்பு செக்கனுக்கு ஏறத்தாழ 36 மீற்றர் வேகத்தில் ஓடுகின்றது. சிறியதன் தகடு 65 மில்லிமீற்றர். பெரும்பான்மையானவை 5400 முறை சுழல்வன. அதன் விளிம்பு வேகம் 18 மீற்றரே. பதிவின் நெருக்கம் ஒத்திருப்பின், ஒரே நேரத்தில் பெரியதன் விளிம்பில் இருமடங்கு செய்தி கடந்து செல்லும் என்பது இதனாற் பெறப்படும். மேசைக்கணினி சுறுசுறுப்பாகத் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் வேகத்துக்கு விலை உண்டு. பெரியதன் மோட்டாருக்கு 12 வோல்ற்று வேண்டும். சுழலத் தொடங்கும் கணத்தில் அது 20 வாற்றுக்கு மேலும் இழுக்கும். சிறியதற்கு 5 வோல்ற்றே போதும்; ஓடும்போது இரண்டொரு வாற்றுடன் அமைந்துவிடும். மின்கலத்தை நம்பி வாழும் கணினிக்கு இச்சிக்கனம் உயிர்நாடி. கைக்கடக்கமான வெளி வன்தட்டொன்று யூ.எஸ்.பி. வடம் ஒன்றினாலேயே இயங்குவதும், பெரிய பெட்டிக்குத் தனி மின்னிணைப்பு வேண்டியிருப்பதும் இதனாலேயே.

இனி அதிர்ச்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லல் வேண்டும். தகட்டின்மேல் செய்தியைப் படிக்கும் தலை, தகட்டைத் தொடாமல், காற்றுப் படலமொன்றின்மீது மிதக்கின்றது. இடைவெளி மில்லிமீற்றரின் இலட்சத்திலொரு பங்கிலும் குறைவு. ஒரு தூசி அவ்விடத்தில் மலையாகும். மேசையிலுள்ள கணினியை எவரும் ஓடும்போது தூக்கிச் செல்வதில்லை. மடிக்கணினியோ பேருந்திற் குலுங்கும், கட்டிலிலிருந்து விழும். ஆகவே சிறிய வன்தட்டை அமைத்தோர், வேலை இல்லாத வேளையில் தலை தகட்டை விட்டு விலகி, பக்கத்திலுள்ள சாய்தளத்தில் ஏறி ஒதுங்குமாறு செய்தனர். பெரியவற்றிற் பல நெடுங்காலம் தலையைத் தகட்டின்மீதே இறக்கி வைத்தன. பிற்காலத்தில் அவையும் இம்முறையை மேற்கொண்டன. 2003 இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் மடிக்கணினிகளில், அசைவை உணர்ந்து தலையை ஒதுங்கச் செய்யும் உணரியையும் சேர்த்தது. ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையை அடைய அரைச் செக்கன்கூட ஆவதில்லை. அதற்குள் தலை ஒதுங்கிவிடவேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆயினும் சிறியதன் உறுதியை மிகையாக நம்புதல் தகாது. பெரியவற்றின் தகடு பெரும்பாலும் அலுமினியம். சிறியவற்றிற் கண்ணாடித் தகடே மிகுதி. கண்ணாடி மழமழப்பானது, விறைப்பானது, வளையாதது. ஆனால் உடைந்தால் நொறுங்கும். நொறுங்கிய தகட்டிலிருந்து படங்களை மீட்பார் இலர்.

மடிக்கணினி இயங்காமற் போனால் அதன் வன்தட்டும் மாண்டுவிட்டது என்று கொள்ளற்க. திரையோ விசைப்பலகையோ தாய்ப்பலகையோ பழுதாகியிருக்கலாம். பழைய காலத்தில் மேசை வன்தட்டுக்கு 40 ஊசிகளும் மடி வன்தட்டுக்கு 44 நுண்ணூசிகளும் இருந்தமையால், இடையே ஓர் இணைப்பி தேவைப்பட்டது. பின்வந்த சாற்றா முறையில் இரண்டுக்கும் ஒரே செருகியே. எனவே மடிக்கணினியிலிருந்து கழற்றிய வன்தட்டை மேசைக்கணினியில் நேரே செருகிப் பார்க்கலாம். மறுதலையாகச் செய்ய இடமும் இல்லை, 12 வோல்ற்றும் இல்லை. சில வெளி வன்தட்டுகளில் யூ.எஸ்.பி. செருகியே உட்பலகையில் ஒட்டப்பட்டிருப்பதால், அவற்றைப் பிரித்துச் செருகுதல் இயலாது.

இன்று புதிய மடிக்கணினிகளிற் சுழலும் தட்டு அரிதாகிவிட்டது. அசையாத திண்ம நினைவகம் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. எனினும் அதே இரண்டரை அங்குலப் பெட்டியின் வடிவிலும் அது விற்கப்படுகின்றது. சாற்றா செருகியுள்ள பழைய மடிக்கணினியில், தடிப்பு ஒத்திருந்தால், அதைப் பொருத்தலாம். பொருத்துமுன் பழையதிலுள்ளவற்றைப் பிரதி செய்துகொள்ளுங்கள். கழற்றிய வன்தட்டை எறியவேண்டா. சிறு உறையொன்றில் இட்டால், யூ.எஸ்.பி. வடத்தினால் இயங்கும் சேமிப்புப் பெட்டியாக அது இன்னுஞ் சில காலம் உழைக்கும்.