எர்லாங்கை ஊரறியச் சொன்ன விதம்



இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை தாங்கும் பொறுப்பை எனக்கு அளித்த அமைப்புக் குழுவினருக்கு என் நன்றி. எனக்கு நிரலெழுதக் கற்றுத்தந்த ஆசிரியர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்க நான் பேசுவது பெருமைதான். அந்தப் பெருமையோடு நெஞ்சில் ஒரு படபடப்பும் சேர்ந்தே இருக்கிறது. இங்கே கூடியிருப்பவர்கள் துறை அறிந்தவர்கள். ஆகவே அடிப்படைகளை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நிரல்மொழி தன் சொந்த வட்டத்தைத் தாண்டி எப்படி அறியப்படுகிறது என்பது நம் பொதுத் தலைப்பு. ஜாவாவுக்கு 1995-இல் சன் நிறுவனத்தின் பணபலமும் நெட்ஸ்கேப் உலாவியும் கைகொடுத்தன. ஏடாவுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கட்டாய ஆணை இருந்தது. 1997-இல் அந்த ஆணை விலக்கப்பட்டது. ரஸ்ட் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2024 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையின் அறிக்கையிலேயே அதன் பெயர் இடம்பெற்றுவிட்டது. இவற்றையெல்லாம் இன்றைய அமர்வுகள் விரிவாகப் பேசப்போகின்றன. எனக்குக் கிடைத்த நேரத்தை எர்லாங் என்ற ஒரே மொழிக்குத் தர விரும்புகிறேன். அதை ஊருக்குச் சொல்ல முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த முயற்சிகளில் நம் துறை தவறானதைக் கொண்டாடியது, சரியானதை ஓரங்கட்டியது என்பது என் துணிபு.

ஸ்டாக்ஹோமில் எரிக்சன் நிறுவனத்தின் கணினி அறிவியல் ஆய்வகத்தில் 1986 வாக்கில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங் தொடங்கி, ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோரும் சேர்ந்து வளர்த்த மொழி இது. முதல் வடிவம் புரோலாக்கில் எழுதப்பட்டது. தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்கான நிரலை எழுதுவதே நோக்கம். ஆயிரக்கணக்கான அழைப்புகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்றில் கோளாறு வந்தால் மற்றவை கெடக் கூடாது. நிரலை மாற்ற எக்ஸ்சேஞ்சை நிறுத்தவும் முடியாது. மொழியின் எல்லாக் குணங்களும் இந்த நெருக்கடியிலிருந்து பிறந்தவை.

எர்லாங் பற்றி வெளியாட்கள் யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது ஓர் எண்ணைத்தான்: 99.9999999 விழுக்காடு. எரிக்சனின் ஏஎக்ஸ்டி301 சுவிட்ச் அந்த அளவுக்கு நம்பகமாக ஓடியது என்பார்கள். ஒன்பது முறை ஒன்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஓராண்டில் சுமார் 32 மில்லி விநாடி மட்டுமே தடங்கல் என்று பொருள். தொலைத்தொடர்புத் துறை பெருமையோடு பேசும் ஐந்து ஒன்பதுக்கு ஆண்டுக்கு ஐந்தே கால் நிமிடம் வரை இடமுண்டு. மேடைகளிலும் பாடநூல்களிலும் வேலைக்கான நேர்காணல்களிலும் இந்த ஒன்பது ஒன்பதுகள் வலம்வருகின்றன. நம் கருத்தரங்குக்கு வந்த கட்டுரைச் சுருக்கங்களிலும் அதைப் பார்த்தேன்.

இதன் மூலத்தைத் தேடிப் போனால் எங்கே போய் நிற்கிறோம்? ஆர்ம்ஸ்ட்ராங் 2003-இல் ஸ்டாக்ஹோம் கேடிஹெச் அரச தொழில்நுட்பக் கழகத்தில் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில். அதில் ஏஎக்ஸ்டி301 பற்றிய பகுதியை இங்குள்ள இளைய ஆய்வாளர்கள் எல்லோரும் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். அமைப்பின் நீண்டகால நிலைத்தன்மை பற்றிய சான்றுகள் முறையாகத் திரட்டப்படவில்லை என்று அவரே எழுதுகிறார். ஒரு பெரிய வாடிக்கையாளரிடம் இந்த அளவு எட்டப்பட்டதாகச் சொல்லும் பவர்பாயிண்ட் விளக்கப்படம் ஒன்றுதான் கையில் இருந்தது என்றும், அந்த எண்ணை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதற்கு ஆவணம் இல்லை என்றும் அதே இடத்தில் பதிவு செய்கிறார். மொழியை உருவாக்கியவரே, தன் மொழியின் மிகப் பெரிய விளம்பரத்துக்கு ஆதாரம் போதாது என்று தன் ஆய்வேட்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த எண்ணை எடுத்தாண்டவர்களில் பெரும்பாலோர் அந்த வரிகளை எடுத்தாளவில்லை.

பின்னாளில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் மேடைகளில் ஒன்பது ஒன்பதுகளைச் சொன்னார் என்று இங்கே ஒருவர் சுட்டிக்காட்டலாம். சொன்னார். பேச்சுமேடை வேறு, ஆய்வேடு வேறு. இரண்டும் முரண்பட்டால் எதை எடுத்துக்கொள்வது என்பதில் வரலாற்று மாணவனுக்குக் குழப்பம் வரக் கூடாது.

அந்த ஆய்வேட்டில் உறுதியான தகவல்களும் நிறைய உண்டு. ஏஎக்ஸ்டி301-இன் எர்லாங் நிரல் 11 லட்சம் வரிகளைத் தாண்டியது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாட்யூல்களைக் கொண்டது, அவற்றில் எத்தனை பக்கவிளைவு இல்லாதவை என்றெல்லாம் எண்ணிக் காட்டியிருக்கிறார். அவை ஆசிரியரே எண்ணியவை. ஊர் அவற்றை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

சரி, எண் இல்லாமல் ஒரு மொழியைப் பற்றி வெளியாட்களிடம் எப்படிப் பேசுவது? அதற்கு 1990-லேயே ஒரு வழி காட்டினார்கள். 'எர்லாங்: தி மூவி' என்ற குறும்படம். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடும். உருவாக்கியவர்களே நடித்திருக்கிறார்கள். நடிப்பு விறைப்பாக இருக்கும், ஒளிப்பதிவு சுமார்தான். நம் துறைக் கூட்டங்களில் இந்தப் படத்தைச் சிரிப்பதற்காகத்தான் போடுவார்கள். எனக்கு அதில் மனவருத்தம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் படத்தை ஒரு வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொண்டு எழுதிய கட்டுரையை ஓர் ஆய்விதழ், 'இது விளம்பரப் படம், மூலச் சான்றாக ஏற்க இயலாது' என்ற குறிப்போடு திருப்பி அனுப்பியது. மதிப்பீட்டாளரை மதிக்கிறேன். அவர் இந்த அவையிலும் இருக்கலாம். அவருக்கு என் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

படத்தில் நடப்பது இதுதான். ஓர் உண்மையான எக்ஸ்சேஞ்ச், உண்மையான தொலைபேசிகள். ஒருவர் இன்னொருவரை அழைக்கிறார். பெயர் சொல்லி வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் ஒரு பிழை வெளிப்படுகிறது. அதைக் கணினியில் திருத்துகிறார்கள், புது நிரலை ஏற்றுகிறார்கள். இவ்வளவும் நடக்கும்போது ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தவர்களின் இணைப்பு அறுபடவில்லை. அவர்கள் ரிசீவரைக் காதில் வைத்தபடி தொடர்ந்து பேசுகிறார்கள். இதைப் புரிந்துகொள்ளப் பார்ப்பவருக்கு நிரலெழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தொலைபேசியில் பேசத் தெரிந்திருந்தால் போதும். எந்தச் சூழலில், எந்தக் கருவியில், எதைச் செய்தபோது எது நின்றது, எது நிற்கவில்லை என்பது கண்முன் நடக்கிறது. ஆவணம் இல்லாத ஓர் எண்ணைக் கட்டுரைக்குக் கட்டுரை அனுமதிக்கும் நாம், நடந்ததைக் காட்டும் படத்தை விளம்பரம் என்று ஒதுக்கினால் அளவுகோல் எங்கோ பிசகியிருக்கிறது.

எண் ஒருபுறம் இருக்க, மொழிக்கு எரிக்சனுக்குள்ளேயே ஆதரவு நிலைக்கவில்லை. 1998 பிப்ரவரியில் எரிக்சன் ரேடியோ சிஸ்டம்ஸ் தன் புதிய தயாரிப்புகளில் எர்லாங்கைப் பயன்படுத்தக் கூடாது என்று தடைபோட்டது. உலகம் பரவலாகப் பயன்படுத்தும் மொழிகளோடு போவதே பாதுகாப்பு என்ற எண்ணம். அந்த ஆண்டு டிசம்பரில் எர்லாங் திறமூலமாக வெளியிடப்பட்டது. உடனே முக்கியமானவர்கள் பலர் வெளியேறி புளூடெயில் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2000-இல் அது 15 கோடி டாலருக்கும் மேல் விலைபோனது. சொந்த வீட்டில் தடைபட்ட மொழி வெளியே போய்த் தன் காலில் நின்றது. 2004-இல் ஆர்ம்ஸ்ட்ராங் எரிக்சனுக்கே திரும்பினார்.

எண்கள் மீதே எனக்குப் பகை என்று நினைக்க வேண்டாம். வாட்ஸ்அப் 2012 தொடக்கத்தில் ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கியதாக அறிவித்தது. அந்த எண்ணை நான் மனமார ஏற்கிறேன். எந்த இயந்திரம், எந்த ஃப்ரீபிஎஸ்டி பதிப்பு, எங்கே முட்டியது, எதை மாற்றினார்கள் என்பதை அவர்களின் பொறியாளரே எர்லாங் மாநாட்டில் விளக்கினார். மற்றவர்கள் அதைத் தாங்களும் செய்துபார்க்கலாம். 2014-இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு அந்த நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தபோது 45 கோடிப் பயனர்களுக்கு முப்பதுக்குச் சற்று அதிகமான பொறியாளர்களே இருந்தார்கள் என்ற செய்தி பரவியது. எர்லாங் என்ற பெயரை அதுவரை கேட்டிராத பலர் அன்றுதான் கேட்டார்கள்.

நம் வீடுகளில் காலை வணக்கமும் கல்யாணப் பத்திரிகையும் அனுப்புகிறவர்களுக்கு அதன் அடியில் எந்த மொழி ஓடுகிறது என்று தெரிய வேண்டியதில்லை. ஒரு மொழியின் 'பொதுவெளி' என்று நாம் சொல்வது அவர்களை அல்ல. வேறு மொழியில் எழுதும் பொறியாளர், பாடத்திட்டம் வகுக்கும் ஆசிரியர், மருத்துவமனைக்கோ ரயில் சமிக்ஞைக்கோ மென்பொருள் வாங்கும் அதிகாரி: இவர்களே ஒரு மொழி போய்ச் சேர வேண்டிய வெளியாட்கள். இவர்களிடம் போய்ச் சேர்ந்தது எது என்று பாருங்கள். எர்லாங்கில் ஒவ்வொரு புராசஸும் தனக்கென நினைவகம் வைத்திருக்கும். ஒன்று செத்தால் அதைக் கண்காணிக்கும் சூப்பர்வைசருக்குச் செய்தி போகும். அது புதிதாக ஒன்றைக் கிளப்பிவிடும். கிளப்பக் கிளப்ப விழுந்தால்? அதற்கும் வரம்பு உண்டு. முன்னிருப்பாக 5 விநாடிக்குள் ஒரு மறுதொடக்கம்தான் அனுமதி. அதை மீறினால் சூப்பர்வைசர் தன் கீழுள்ளவற்றை எல்லாம் முடித்து, தானும் முடிந்து, பொறுப்பைத் தனக்கு மேலுள்ள சூப்பர்வைசரிடம் விட்டுவிடும். இந்த ஏற்பாட்டை யாரிடமும் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். 2009-இல் ஜேவிஎம் உலகில் பிறந்த ஆக்கா நூலகம் இதைத்தான் எடுத்துக்கொண்டது. அதை எழுதியவர்களை ஈர்த்தது பிழையைக் கையாளும் இந்த முறை.

எர்லாங்கின் பீம் இயந்திரத்தின் மேலேயே ஓடும் எலிக்ஸிர் மொழி பற்றி ஒரு பழைய விவாதம் நிலுவையில் இருக்கிறது. எர்லாங் பரவாததற்குக் காரணம் அதன் புரோலாக் சாயல் கொண்ட தொடரமைப்பே, ரூபி சாயலில் எலிக்ஸிர் வந்ததும் கூட்டம் சேர்ந்ததே அதற்குச் சான்று என்று நம்மில் மூத்த பேராசிரியர் ஒருவர் பல மேடைகளில் வாதிட்டிருக்கிறார். அவர்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் விர்டிங் 2008-இல் அதே பீம் இயந்திரத்தின் மேல் லிஸ்ப் தொடரமைப்போடு எல்எஃப்இ மொழியைத் தந்தார், கூட்டம் வரவில்லை. லிஸ்ப் பலருக்கும் அந்நியம் என்று பேராசிரியர் பதில் சொல்வார். அப்படியானால் ரீயா? எலிக்ஸிருக்கு முன்பே அதே இயந்திரத்தின் மேல், அதே ரூபி சாயலில் வந்த மொழி அது. அது நிலைக்கவில்லை, எலிக்ஸிருக்கு வழிவிட்டு நின்றுபோனது. தொடரமைப்பு ஒன்றே மந்திரம் என்றால் ரீயாவே ஜெயித்திருக்க வேண்டும்.

எலிக்ஸிரை உருவாக்கிய ஜோசே வாலிமும் அவரோடு சேர்ந்தவர்களும் கொண்டுவந்தது வேறு. புதிதாக வருபவர் முதல் நாளே ஒரு திட்டத்தைத் தொடங்கி ஓட்டிப் பார்க்க மிக்ஸ், பொதிகளுக்கு ஹெக்ஸ், நிரலோடு சேர்ந்தே எழுதப்படும் ஆவணங்கள், வலைத்தளம் கட்டுவோருக்கு ஃபீனிக்ஸ். வெளியிலிருந்து வருபவர் எங்கே தடுக்கி விழுவார் என்று ரெயில்ஸ் குழுவில் வேலை செய்த வாலிமுக்குத் தெரிந்திருந்தது. எர்லாங் நூலகங்களை எலிக்ஸிரிலிருந்து நேரடியாக அழைக்கலாம் என்று வைத்தது இன்னொரு நல்ல முடிவு. பழைய வீட்டை இடிக்காமல் புது வாசல் வைத்தார்.

இந்த இரண்டு நாளுக்கும் என் வேண்டுகோள் ஒன்று. ஒன்பது ஒன்பதுகளை எழுதுகிறவர்கள் ஆய்வேட்டின் அந்தப் பத்தியையும் சேர்த்தே எழுதட்டும். கூடவே, எரிக்சனிலும் அதன் வாடிக்கையாளர் நிறுவனங்களிலும் அந்த சுவிட்ச்களை இரவு பகலாகப் பராமரித்த பொறியாளர்களைத் தேடிப் போவோம். ஆர்ம்ஸ்ட்ராங் 2019 ஏப்ரலில் நம்மை விட்டுப் போய்விட்டார். மற்றவர்களுக்கும் வயதாகிறது. எப்போது நின்றது, ஏன் நின்றது, எவ்வளவு நேரத்தில் எழுந்தது என்ற பராமரிப்புப் பதிவேடுகள் ஏதாவது அலமாரியில் மிஞ்சியிருந்தால் அவை வெளியே வரட்டும். ஐந்து ஒன்பது என்று வந்தாலும் சரி, நான்கு என்று வந்தாலும் சரி, அதைச் சொல்லி எர்லாங்கை யாரிடமும் நான் பரிந்துரைப்பேன்.

முதல் அமர்வின் இரண்டாவது கட்டுரையின் சுருக்கத்தில் அந்த எண் இருக்கிறது. கட்டுரையாளர் அதன் மூலத்தைச் சொல்லுமாறு கேட்டு முதல் கேள்வியை நானே எழுப்புவேன் என்பதை அன்போடு முன்கூட்டியே தெரிவித்து, அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.