ஒளிநாடாவும் பூஞ்சணமும்



நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை பிறந்த ஊர் எங்கள் மோகனூர். அவர் மறைந்தது 1972இல். சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியதோ 1975 ஆகஸ்டு 15இல். பின்னர் வீடியோ கேசட் வந்தது. எளிய மனிதரின் முகமும் குரலும் கூட நாடாவில் ஏறின. பேறு பெற்ற தலைமுறை நாங்கள் என்றே இறுமாந்திருந்தேன், சென்ற மழைக்காலத்தில் என் மரப்பெட்டியைத் திறக்கும் வரையில்.

1994ஆம் ஆண்டுப் பள்ளி விழாவின் கேசட்டுகள் இரண்டு அதில் இருந்தன. ஒன்றில் மாணவர் நாடகம். மற்றதில், இன்று நம்மிடையே இல்லாத எங்கள் தமிழாசிரியரின் சொற்பொழிவு. காவிரிக்கரை ஈரத்தில் இரண்டிலும் மாவு தூவினாற்போல் வெண்மை படர்ந்திருந்தது. ஆவல் மிகுதியால் நாடகத்தை அப்படியே கருவியில் இட்டேன். கரகரவென்று ஓர் ஓசை. நாடா சிக்கி அறுந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பொறுமையைப் போதித்தவன் செய்த காரியம் இது!

நடந்தது என்ன? நாடா என்பது அரை அங்குல அகலமுள்ள பாலியெஸ்டர் பட்டை. அதன்மேல் காந்தத் துகள்களை ஒருவகைப் பசை பிடித்து வைத்திருக்கிறது. படத்தைப் படிக்கும் முனைகளோ நிமிடத்துக்கு 1500 முறை சுழலும் உருளையில் பதிந்தவை. இடையே பூஞ்சணம் புகுந்தால் முனை அடைபடும், நாடா கீறுபடும், அடுத்து இடும் கேசட்டுக்கும் நோய் தொற்றும்.

இரண்டாவதில் அவசரப்படவில்லை. விவரமறிந்த இளைஞர் ஒருவர் அதைத் தனியே பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு சில வாரம் மூடி வைத்தார். ஈரம் வற்றினால் பூஞ்சணம் வளராது, உலர்ந்து உதிரும். பிறகு மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், நூலுதிராத மென்துணிக்கிடையே நாடாவை மெல்ல ஓடவிட்டுத் துடைத்தார். விரல் படவில்லை, தண்ணீர் தொடவில்லை. வெயிலில் காயவைக்கலாமே என்று நான் கேட்டதற்குச் சிரித்தார். வெப்பத்தில் நாடா நெளிந்துவிடுமாம்.

துடைத்ததோடு வேலை முடியாது. கணினியில் உடனே படியெடுக்க வேண்டும். இவ்வகைக் கருவிகளைக் கடைசியாகச் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. பழுதானால் உதிரிப் பாகம் அரிது.

படியெடுத்த அன்று தமிழாசிரியரின் மகளை அழைத்திருந்தேன். தொடக்கத்தில் சிறிது நேரம் திரையில் வெறும் கோடுகள். பின்பு அவர் மேடையேறி, வழக்கம்போல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பிள்ளைகளே" என்றார்.