தவறியவர் இருவர், திரும்பியவர் ஒருவர்



பாவம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நமக்குப் பெரும்பாலும் அடுத்த வீட்டுக்காரரின் நினைவுதான் வருகிறது. நம்முடைய குற்றத்துக்கோ எப்போதும் ஒரு காரணம் வைத்திருக்கிறோம். "மண்டோர் நாலு பேர் முன்னால் ஏசிவிட்டார், அதனால் குடித்தேன்" என்கிறோம். "வீட்டில் வாய் ஓயவில்லை, அதனால் கை நீண்டுவிட்டது" என்கிறோம்.

இது மிகப் பழைய வழக்கம். ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தைப் பாருங்கள். கடவுள் கேட்டபோது ஆதாம் ஏவாளைக் காட்டினான்; ஏவாள் பாம்பைக் காட்டினாள். தாங்கள் உண்டதை இருவரும் கடைசியில்தான் சொன்னார்கள். பழி முதலில் வந்தது.

ஆகவே, சாக்குச் சொல்லாமல் "நான் செய்தேன்" என்று ஒப்புக்கொள்வதே முதற்படி. ஆனால் அந்தப் படியோடு நின்றுவிட்டால் என்ன ஆகும்? இயேசுவின் சீடர் இருவரை நினைத்துப் பார்ப்போம்.

முப்பது வெள்ளிக்காசுக்கு ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவன் யூதாஸ். பின்பு அவன் மனம் வருந்தினான். குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்தேன் என்று ஆசாரியர்களிடம் வாய்விட்டுச் சொன்னான். காசையும் ஆலயத்தில் எறிந்துவிட்டான். ஆனால் இரக்கம் கிடைக்கும் இடத்துக்கு அவன் போகவில்லை. அவனுடைய முடிவு நம்பிக்கையற்ற முடிவாயிற்று.

பேதுருவும் அதே இரவில் தவறினார். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பண்டை குளிர்காய்ந்தபடி, ஆண்டவரை அறியேன் என்று மூன்று முறை மறுத்தார். சேவல் கூவியதும் வெளியே போய் மனங்கசந்து அழுதார். ஆயினும் அவர் மற்றச் சீடர்களை விட்டு ஓடிவிடவில்லை. உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் நிற்கிறார் என்று கேட்டதும், படகு கரைசேரும்வரை பொறுக்காமல் கடலில் குதித்தார். கரையில் அவருக்காகக் காத்திருந்ததும் ஒரு கரிநெருப்புத்தான்! அதன்மேல் மீன் வெந்துகொண்டிருந்தது. பசியாறிய பிறகு, என்னை நேசிக்கிறாயா என்று இயேசு மூன்று முறை கேட்டார். மூன்று மறுப்புக்கும் மூன்று வாய்ப்பு. தம் ஆடுகளை மேய்க்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தார்.

நேயர்களே, இது நம் குடியிருப்புகளில் நடக்கும் கதையும் ஆகும். சம்பளத்தைக் குடித்துத் தீர்த்தவர் மறுநாள் வெட்கப்படுகிறார். "நான் கெட்டுப்போனவன், இனி எனக்கு ஏது மன்னிப்பு?" என்று சொல்லி, அந்த வெட்கத்தை மறக்க மீண்டும் குடிக்கிறார். கேட்பதற்கு இது தாழ்மைபோல் தோன்றும். உண்மையில், கடவுளின் இரக்கத்தைவிட என் பாவம் பெரியது என்று சொல்வதே அது. அப்படி ஒரு பாவம் இல்லை என்பதே நற்செய்தி.

இரக்கத்தை நம்புவதென்றால் கணக்கை மறந்துவிடுவது என்று பொருளல்ல. எரிகோ ஊரின் வரி வசூல்காரனான சகேயு, இயேசு தன் வீட்டுக்கு வந்ததும் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்க முன்வந்தான். ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். நாமும் மளிகைக் கடைப் பாக்கியைச் சிறிது சிறிதாகவேனும் அடைக்க வேண்டும். அடித்த கை அடிப்பதை நிறுத்த வேண்டும். மன்னிப்பதால் மறுபடியும் அடிவாங்க வேண்டிய கடமை மனைவிக்கு இல்லை. அவர் பாதுகாப்பைத் தேடுவது பாவமும் அல்ல.

கத்தோலிக்கர் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறார்கள். மற்றத் திருச்சபையார் ஆராதனையில் சேர்ந்தும் தனி ஜெபத்திலும் அறிக்கையிடுகிறார்கள். வழி எதுவானாலும், இன்றிரவு படுக்கைக்குப் போகுமுன் ஒரு குற்றத்தையாவது அதன் பெயரைச் சொல்லிக் கடவுளிடம் ஒப்புவிப்போம். அதனால் நோவடைந்தவரிடம் நாளைக் காலையில் நேரில் பேசுவோம். கரையில் நெருப்பு மூட்டிக் காத்திருக்கிறவர் நம்மையும் பெயர் சொல்லி அழைப்பார்.