இருதயத்தின் உழைப்பும் அதன் தளர்ச்சியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இருதயம் என்றவுடன் அன்பு, இரக்கம் முதலிய குணங்களே நம் நினைவிற்கு வருகின்றன. அக்குணங்கள் எங்கே உறைகின்றன என்பதைப் புலவர்களுக்கே விட்டுவிடுவோமாக. நாம் இன்று பேசப் புகும் இருதயம், மூடிய கையளவுள்ளதும், ஏறக்குறைய 300 கிராம் எடையுள்ளதுமான ஒரு தசைப்பை. அதற்கு விதிக்கப்பட்ட பெருந்தொழில் இரத்தத்தைத் தள்ளுதலேயாம்.

கொல்லன் உலையிலுள்ள துருத்தியை நம்மிற் பெரியோர் கண்டிருப்பர். காற்று உட்புகுதற்கு ஒரு வழியும் வெளிச்செல்லுதற்கு ஒரு வழியும் அதற்கு உண்டு; புகுந்த வழியே திரும்பாதபடி தடுக்க ஒரு மூடியும் உண்டு. இருதயமும் அத்தகையதே. அதனுள் நான்கு அறைகளும், வால்வு எனப்படும் நான்கு கதவுகளும் உள. தேகமெங்கும் சுற்றிவந்த கருஞ்சிவப்பான இரத்தத்தை வலப்பாகம் ஏற்று நுரையீரலுக்கு அனுப்பும். அங்கே பிராணவாயுவைப் பெற்ற இரத்தம் இடப்பாகத்திற்கு வந்து, பெருந்தமனி வழியே உச்சி முதல் உள்ளங்கால் வரை செல்லும். ஒரு துடிப்பில் ஏறக்குறைய 70 மில்லிலிட்டர். நிமிஷத்திற்கு 72 துடிப்பு எனக் கொண்டால் 5 லிட்டர். ஒரு நாளைக்கு 7,000 லிட்டருக்கு மேல். நம் தேகத்திலுள்ள இரத்தம் முழுவதுமே ஏறக்குறைய 5 லிட்டர்தான் என்பதையும் கருதுக.

இந்தக் கணக்கே ஒரு காலத்தில் உலகத்து வைத்தியத்தைப் புரட்டிற்று. உண்ட உணவிலிருந்து ஈரல் ஓயாமல் இரத்தத்தை உண்டாக்குகின்றது, உறுப்புகள் அதனை உண்டு தீர்க்கின்றன என்று கேலன் என்னும் பண்டைய வைத்தியர் கூறியதையே ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். இங்கிலாந்து தேசத்து வில்லியம் ஹார்வி, ஒரு துடிப்பிற்கு மிகச் சிறிய அளவையே வைத்துப் பெருக்கிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் இருதயம் தள்ளும் இரத்தம், தேகத்திலுள்ள இரத்தம் முழுவதிலும் மிகுதியாயிற்று. அவ்வளவையும் எந்த உணவு உண்டாக்கக்கூடும்? ஆதலின் அதே இரத்தமே சுற்றிச் சுற்றி வருகின்றது என்று 1628ஆம் வருஷத்தில் நூல் வெளியிட்டார். நுண்ணிய குழாய்கள் தமனியையும் சிரையையும் இணைப்பதை மால்பீஜி என்பவர் 1661இல் பூதக்கண்ணாடி கொண்டு கண்டறிந்தபொழுது ஹார்வி உயிருடன் இல்லை.

இனித் தளர்ச்சியைப் பற்றிக் கூறுவோம். மாரடைப்பு வேறு, இருதயத் தளர்ச்சி வேறு. இருதயத் தசைக்கே இரத்தம் தரும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. தள்ளும் வலிமை குன்றியோ, விரிந்து நிரம்பும் தன்மை குறைந்தோ, தேகத்திற்கு வேண்டிய அளவை இருதயம் செலுத்தமாட்டாத நிலை தளர்ச்சி. அது நின்றுபோவதன்று. மாரடைப்பினாற் செத்த தசை, பல்லாண்டு கவனியாது விட்ட இரத்த அழுத்தம், பழுதடைந்த வால்வு ஆகியன இதற்குப் பெருங்காரணங்களாம்.

இங்கே தேகம் செய்யும் ஒரு தவறான உதவியை அறிதல் வேண்டும். மூத்திரப்பைக்கு மேலே இருபுறமும் உள்ள சிறுநீரகங்களுக்கு இரத்தம் குறைந்து வரவே, உடம்பில் நீர் வற்றிவிட்டதென்று அவை எண்ணி, உப்பையும் நீரையும் வெளியேற்றாது தேக்கிக்கொள்கின்றன. ஏற்கெனவே களைத்த மாட்டின்மேல் இன்னுமொரு மூட்டையை ஏற்றுவது போலாகின்றது அது. இடப்பாகம் தளர்ந்தால் நீர் நுரையீரலிற் கசியும். படுத்தால் மூச்சு முட்டும். வலப்பாகம் தளர்ந்தால் காலில் வீக்கம் தோன்றும். விரலால் அழுத்தினால் குழி விழும்.

நமது வீடுகளில் நடப்பது யாது? பாட்டியார் முன்பு ஒரு தலையணை வைத்தவர் இப்பொழுது மூன்று வைக்கின்றார்; நள்ளிரவில் எழுந்து ஜன்னலருகே உட்காருகின்றார். 'வயதாகிவிட்டது' என்கின்றோம், அல்லது ஆஸ்துமா என்று நாமே பெயரிட்டு விடுகின்றோம். மருந்தினால் வீக்கம் வடிந்ததும் மருந்தை நிறுத்துவோரும் பலர். வடிந்தது நீரே, தளர்ச்சி அன்று. இரண்டு மூன்று நாளில் எடை 2 கிலோ ஏறினால் நீர் தேங்குகின்றதென்றறிந்து, உடனே டாக்டரிடம் செல்லவேண்டும். ஆதலின் காலைதோறும் எடை பார்த்துக் குறித்தல் நன்று. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருத்தல் எல்லோருக்குமே தக்கது. ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு ஆகியவற்றிலுள்ளதும் இக்கணக்கிற் சேரும். இந்துப்பு குற்றமற்றதென்று சிலர் சொல்லுவர். அதுவும் பெரும்பாலும் அதே உப்புத்தான்.

முன்னாளில் இந்நோய்க்கு மருந்தே இல்லாதிருந்தது. 1785இல் விதரிங் என்னும் ஆங்கில வைத்தியர், கிழவி ஒருத்தி இரகசியமாக வைத்திருந்த இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் கலந்த மருந்தில், டிஜிடாலிஸ் செடி ஒன்றே பயன் தருவது என்று தெளிந்து எழுதினார். அதன் சத்தை இன்றும் சிலருக்குக் கொடுக்கின்றனர். அளவு மீறினால் அது நஞ்சு. இப்பொழுதோ நீரை வெளியேற்றுவன, இருதயத்தின் பாரத்தைக் குறைப்பன, ஆயுளை நீட்டிப்பன என்று பல மருந்துகள் உள.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 5 முதல் 15 வயதுள்ள பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண் வந்து ஆறி, இரண்டு மூன்று வாரங்கழித்துக் காய்ச்சலுடன் மூட்டுக்கு மூட்டு மாறி வலி வந்தால், அதனை வளர்ச்சி வலியென்று விடலாகாது. அது வாதக்காய்ச்சலாக இருக்கலாம். மூட்டு வலி தானே நீங்கும். வால்வில் விழுந்த தழும்பு நீங்காது. அப்பெண் வளர்ந்து கருவுறும்பொழுது தேகத்தின் இரத்தம் ஏறக்குறைய பாதியளவு மிகும். குறுகிய வால்வு அதனைத் தாங்காது மூச்சுத்திணறல் உண்டாகி, தாயையும் சிசுவையும் இழத்தல் கூடும்.

வரன் கெட்டுவிடும் என்றஞ்சி இந்நோயை மறைக்கும் வழக்கம் நம்மவரிடையே உளது. இதனை வெளிப்படையாகவே கண்டிக்கின்றோம். கருவுறுதற்கு முன்னரே குறுகிய வால்வைப் பலூன் கொண்டு விரித்தல் பலருக்கு இயலும். அதன்பின் பிள்ளை பெற்று நலமாக வாழ்வாரும் உளர். மறைத்தாற் கிடைப்பது ஓர் அழைப்பிதழ் மாத்திரமே. காய்ச்சல் ஒருமுறை வந்த பிள்ளைக்கு அது மீளாதபடி மூன்று அல்லது நான்கு வாரத்திற்கொருமுறை பென்சிலின் ஊசி போடுவது முறை. வால்வு கெடாதவர்க்கும் அதனைச் சில ஆண்டுகள் தொடரவேண்டும். கெட்டவர்க்கு இன்னும் நீண்டகாலம், டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை. திருமணமாகி வேறூர் செல்லும் பெண்ணின் பெட்டியில், நகைப்பெட்டியோடு அவ்வூசிச் சீட்டும் செல்லவேண்டும்.