எட்டு அங்குலம்

அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தில் டர்ஹாம் என்று ஓர் ஊர். அங்கே கிரெக்சன் தெருவுக்கு மேலே ஒரு பழைய ரயில் பாலம். 2019 வரை அதன் கீழே உயரம் வெறும் 11 அடி 8 அங்குலம்தான் இருந்தது. எச்சரிக்கைப் பலகையைக் கவனிக்காமல் நுழைகிற லாரிகளின் கூரை அப்படியே உரிந்துவிடும். 2008 முதல் நூற்றுக்கும் மேற்பட்ட மோதல்கள் கேமராவில் பதிவாகியிருக்கின்றன.

சாலையைத் தாழ்த்தக் கூடாதா? முடியாது. தெருவுக்கு அடியிலேயே பெரிய கழிவுநீர்க் குழாய் போகிறது. பாலத்தை நிறைய உயர்த்தலாமா? அப்படியானால் இருபுறமும் தண்டவாளத்தை நெடுந்தூரம் ஏற்ற வேண்டும்; பக்கத்து லெவல் கிராசிங்குகளையும் மாற்ற வேண்டும்.

உயரமான வண்டி வந்தால் சிவப்பு விளக்கு எரியும்படி செய்தார்கள். அப்போதும் மோதல் நிற்கவில்லை. கடைசியில் 2019 அக்டோபரில் பாலத்தை எட்டு அங்குலம் உயர்த்தினார்கள். பிறகும் சில லாரிகள் இடித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

கட்டிய பாலத்தை மாற்றுவது அவ்வளவு கடினம். அதனால், புதிதாகப் பாலம் கட்டும்போதும் தெருவை அகலப்படுத்தும்போதும் நாளைய வண்டிகளுக்கும் சேர்த்தே அளவு எடுக்க வேண்டும். அன்றைக்குக் கூடுதலாக விடுகிற ஓர் அடி, பல தலைமுறைகளைக் காக்கும்.