நானிங்: பத்தில் ஒரு பங்குக்காகப் பறிபோன நாடு

டுரியான் துங்காலிலிருந்து அலோர் காஜா வழியாகச் சிம்பாங் அம்பாட் பக்கம் போகிறவர்களே, நீங்கள் ஒரு பழைய நாட்டுக்குள் நுழைகிறீர்கள். பெயர் நானிங். கடற்கரை கிடையாது, ஆனாலும் மலாக்காவை ஆண்டவர்கள் நடுவே ஒரு தீவு போலத் தன் தலைவரின் கீழ் தனித்து நின்றது.

சின்னச் சின்னக் குன்றுகள், இடையே பள்ள நிலம். பள்ளத்தில் நெல், மேட்டில் பழமரம் என்பது பழைய கதை. இப்போது ரப்பரும் செம்பனையும். காடேக்கில் வெந்நீர் ஊற்று கொப்பளிக்கிறது. அலோர் காஜா வட்டாரத்தில் நட்டு நிற்கும் பழங்கற்களைத் தொட்டுப் பாருங்கள். அவை வளர்கின்றன என்று கம்பத்தார் சொல்வார்கள்.

மக்கள் சுமத்ராவிலிருந்து வந்த மினாங்கபாவ் வழியினர். அவர்களின் அடாட் பெர்பாத்தே மரபில் பூர்வீக நிலம் பெண் வழியில்தான் போகும். நம் வீடுகளில் சொத்துப் பேச்சு எழும்போது இதை ஒரு தடவை எடுத்துச் சொல்லலாம்!

டச்சுக்காரர் காலத்தில் நானிங் ஆண்டுக்கு 400 காந்தாங் நெல் கொடுத்தது. அது மரியாதைக் கப்பம்தான். பிறகு வந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கேட்டது. தலைவர் டோல் சைட் மறுத்துவிட்டார். 1831-இல் சுமார் 150 பேரும் இரண்டு பீரங்கிகளுமாகப் போன படை, பின்னால் மரங்களை வெட்டிப் போட்டு வழியடைக்கப்பட, பீரங்கிகளையும் விட்டுவிட்டுத் திரும்பி ஓடியது. மறு வருடம் காட்டை வெட்டிச் சாலை போட்டுக்கொண்டே மெல்ல நகர்ந்தார்கள். முதலில் நானிங்குக்குத் துணை நின்ற பக்கத்து நாடான ரெம்பாவும் கட்சி மாறியது. 1832 ஜூனில் டோல் சைட்டின் இருப்பிடமான தாபோ விழுந்தது. செலவு ஒரு லட்சம் பவுன் என்பார்கள். எத்தனை தலைமுறை நெல்லை விற்றாலும் அந்தக் காசு திரும்பியிருக்காது!

அந்தப் படையில் இருந்தவர்கள் யார்? பெரும்பாலும் மதராஸ் காலாட்படைச் சிப்பாய்கள். தோட்டத்துக்கு ஆள் எடுக்கும் காலத்துக்கு வெகு முன்பே, நம் பக்கத்து ஆட்கள் துப்பாக்கியோடு இந்தக் காட்டுக்குள் வந்திருக்கிறார்கள். மாண்ட இரு வெள்ளை அதிகாரிகளுக்கு மலாக்கா டச்சுக் கல்லறையில் நினைவுச்சின்னம் உண்டு. சிப்பாய் ஒருவரின் பெயரை நான் எங்கும் பார்த்ததில்லை.

1834-இல் சரணடைந்த டோல் சைட்டுக்குக் கம்பெனி வீடும் ஓய்வூதியமும் கொடுத்தது. மலாக்காவில் விவசாயம், வியாபாரம், வைத்தியம் என்று வாழ்ந்து 1849-இல் இறந்தார். கல்லறை தாபோ நானிங்கில். டத்தோ நானிங் என்ற பட்டம் இன்றும் இருக்கிறது.

போகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள், மத்தியானத்துக்கு மேல் இடியோடு மழை பிடிக்கும். ஆனால் மழையை நம்பியும் இருக்க முடியாது. 1991 வறட்சியில் நம் டுரியான் துங்கால் அணையே வற்றியதை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.