கைத்தடி கோலோச்சிய கதை



ஆடச் சொன்னால் ஆடுவதும், அழச் சொன்னால் அழுவதுந்தானே நடிகனின் தொழில்? அவன் ஏன் எழுதுகோலை எடுக்கிறான்? இயக்குநர் நாற்காலியில் ஏன் அமர்கிறான்? கைப்பொருளைக் கொட்டி ஏன் படம் எடுக்கிறான்? கேட்கிறார்கள் சிலர், கேள்வியிலே கேலியும் கலந்திருக்கிறது. அவர்கட்கு நான் சார்லி சாப்ளினைக் காட்டுகிறேன்.

இலண்டன் மாநகரில் வறுமையிலே வளர்ந்த சிறுவன். ஏழு வயதில் ஏழையர் விடுதியைக் கண்டவன். வளர்ந்து, 1913இல் அமெரிக்காவின் கீஸ்டோன் நிறுவனத்தில் ஒப்பந்தமானார். வாரக்கூலி 150 டாலர். பிறர் சொன்னபடி ஓடினார், விழுந்தார். அவர் எண்ணிச் செய்த நகைச்சுவையோ வெட்டுவோர் கையிலே வீணாயிற்று. “நானே இயக்குகிறேன்” என்றார். முதலாளி தயங்கினார். படம் வெளியிடத் தகாததாயின் 1,500 டாலர் தருவதாக ஈடு கூறினார் சாப்ளின். தம் வரலாற்றிலே அவரே எழுதிய செய்தி இது. பத்து வாரக் கூலி! பணத்தின்மீது வைத்த பந்தயமல்ல அது. தன் அறிவின்மீது வைத்தது! 1914ஆம் ஆண்டிலேயே இயக்குநரானார்.

இயக்கினால் போதுமா? போதவில்லை! எஸ்ஸனே நிறுவனத்துக்காகக் ‘கார்மென்’ கதையைக் கேலிசெய்து இரு சுருள் படமொன்று எடுத்தார். அவர் விலகியதும், வேண்டாமென அவர் ஒதுக்கியவற்றைப் பொறுக்கி, புதுக் காட்சிகளையும் புகுத்தி, 1916இல் நான்கு சுருளாக்கி விற்றனர். வழக்காடினார், தோற்றார். படைத்தவன் ஒருவன், படத்துக்கு உடையவன் வேறொருவன்!

அந்தத் தோல்வி தந்த தெளிவைப் பாருங்கள்: 1918இல் ஹாலிவுட்டில் சொந்தப் படப்பிடிப்பு நிலையம், 1919இல் மேரி பிக்ஃபோர்டு, டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், கிரிஃபித் ஆகியோருடன் கூடி ‘யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ எனும் வெளியீட்டு நிறுவனம். எழுத்து அவருடையது, இயக்கம் அவருடையது, முதலும் அவருடையது.

ஆணவமா இது? 1940ஐ நினைத்துப் பாருங்கள். இட்லரின் படை ஐரோப்பாவை மிதித்த ஆண்டு. அமெரிக்கா போரில் இறங்காத நேரம். தம் பணத்திலே ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படத்தை வெளியிட்டார் சாப்ளின். யூதச் சவரத் தொழிலாளியும் அவரே, கொடுங்கோலனும் அவரே! முடிவிலே வேடத்தை மறந்து, மக்களை நேர்நோக்கி மனிதநேயம் முழங்கினார். கூலிக்கு நடித்திருந்தால் அந்த முழக்கத்துக்கு எந்த முதலாளி இடமளித்திருப்பான்?

விலையும் கொடுத்தார். 1952இல் இலண்டனுக்குப் புறப்பட்டவரின் மறுநுழைவு அனுமதியை அமெரிக்க அரசு இரத்துச் செய்தது. நாட்டுக்குள் நுழையாமல் அவரைத் தடுக்க முடிந்தது. அவர் பேசிய பேச்சைத் திரும்பப் பெற முடிந்ததா? 1972இல் அதே ஹாலிவுட் அவரை அழைத்து, ஆஸ்கார் சிறப்பு விருது அளித்து, எழுந்து நின்று கைதட்டிற்று.

நாடக மேடையேறும் தோழனே! கைதட்டல் நடிகனுக்குக் கிடைக்கும். கருத்தோ, எழுதியவனுக்கும் முதல் போட்டவனுக்கும் கட்டுப்பட்டது. உன் உள்ளத்திலே சொல்லத்தக்கது ஒன்று உண்டெனில், இரவல் வசனத்தோடு நின்றுவிடாதே. எழுதக் கற்றுக்கொள், இயக்கக் கற்றுக்கொள், நால்வர் கூடி நாலு காசு சேர்த்து மேடையையும் உனதாக்கு. கைத்தடி ஊன்றி நடந்த அந்தக் குள்ள உருவம் கோலோச்சியது அப்படித்தான்!